நிஜமாவா, சும்மாவா

எங்க வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு சுவர். கட்டினவன் செங்கல்லுல என்ன மிச்சம் பிடிச்சானோ தெரியல, அந்தப் பக்கம் தும்மினா இந்தப் பக்கம் என் அலமாரில டம்ளர் ஆடும். அதனால பக்கத்து வீட்டுத் தம்பி தினமும் எத்தனை தடவை செத்துப் பொழைக்கிறார்ங்கிறது எனக்கு அத்துப்படி.

"உசிர் போச்சுடி!" இது காலைல. முதல் அடுப்பு ரொட்டியை இறக்கிட்டு, கையெல்லாம் மாவோட டீ குடிக்க வீட்டுக்கு வரும்போது சொல்றது. மாவு மூட்டை வந்து இறங்கின அன்னைக்கு, "முதுகு ரெண்டா ஒடிஞ்சுபோச்சு." வெயில்ல சைக்கிள் மிதிச்சுட்டு வந்தா, "நாக்கு வெளிய தள்ளிருச்சு." கேக்குல எழுதின பேரை மூணாவது தடவையா மாத்தச் சொல்லி யாராவது நின்னா, "அந்தப் பொண்ணு என் ரத்தத்தைக் குடிச்சிட்டா." அந்த மனுஷன் உடம்புல ஒரு சொட்டு ரத்தமோ ஒரு முழு எலும்போ மிச்சம் இருக்க நியாயமே இல்ல. ஆனா நல்லா கிண்ணுன்னு இருப்பார்.

தெருமுனைல அவர் பேக்கரி. பலகைல என்னமோ நல்ல பேர்தான் எழுதியிருக்கு, யார் பார்த்தா? "உசிர்போச்சு கடையில நாலு பன் வாங்கிட்டு வா"ன்னுதான் பிள்ளைங்களை அனுப்புவாங்க. அவருக்கும் அதுல கோபம் கிடையாது. "பேர் போனா என்னக்கா, பன் போகுதுல்ல"ம்பார்.

அவர் பொண்டாட்டி டாக்டர். சும்மா டாக்டர் இல்ல, டாக்டருக்குப் படிக்குற பசங்களுக்குப் பாடம் எடுக்குற டாக்டரம்மா. அவங்க பேச்சு எடை போட்டு வெச்ச மாதிரி இருக்கும். ஒரு வார்த்தை கூடவும் கூடாது, ஒரு வார்த்தை குறையவும் குறையாது. இந்த ரெண்டு பேரும் எப்படிச் சேர்ந்தாங்கன்னு நான் வாயைக் கிளறிப் பார்த்திருக்கேன். ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு ரொட்டி போட வந்தவர், படியில இறங்கின அந்தம்மாவைப் பார்த்து, "உங்களைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு"ன்னு சொல்லியிருக்கார். அந்தம்மா அவர் கையைப் பிடிச்சு நாடி பார்த்தாங்களாம். "நிக்கல, ஓடுது. கொஞ்சம் வேகமாவே ஓடுது"ன்னாங்களாம். அவ்வளவுதான், கதை முடிஞ்சுது. கல்யாணம் ஆகிடுச்சு.

வீட்டுல மூணாவது ஆள், தம்பியோட தங்கச்சி. பேக்கரி கல்லாவுல உட்கார்றது அந்தப் பொண்ணுதான். அண்ணன் பேச்சுல பாதி இதுக்கும் உண்டு. "அண்ணி, அண்ணி"ன்னு டாக்டரம்மா முந்தானையைப் பிடிச்சுக்கிட்டுத் திரியும். டாக்டரம்மா வேலை முடிஞ்சு களைச்சு வந்தா, முறுக்கலா சுட்ட ரொட்டியை வெண்ணெய் தடவி எடுத்துட்டு ஓடும். அந்தச் சுவருக்குப் பின்னாடி மூணு பேரும் சிரிக்குறதைக் கேட்டுக்கிட்டே நான் ஒண்டியா சாப்பிடுவேன். எனக்கு அது போதும்.

நான் யாருன்னு சொல்லல பாருங்க. அதே மருத்துவக் கல்லூரில பெரிய வகுப்பறைக்கு நான்தான் பொறுப்பு. மைக்கு, திரை, ஸ்பீக்கர் எல்லாம் போட்டு எடுக்குறது என் வேலை. பசங்க என்னை 'மைக்கக்கா'ம்பாங்க. வகுப்பு நடக்கும்போது பின்னாடி கண்ணாடி அறைல உட்கார்ந்திருப்பேன். அதனால வீட்டுல டாக்டரம்மா பேசுறதும் எனக்குக் கேக்கும், வகுப்புல பேசுறதும் கேக்கும். போன ஜென்மத்துல நான் ஒட்டுக்கேட்டவளா இருந்திருப்பேன் போல, இந்த ஜென்மத்துல அதுக்கே சம்பளம்.

அந்த வருஷம் கல்லூரில புதுசா ஒரு பாடம் வந்துச்சு. மருத்துவத்துல செயற்கை நுண்ணறிவு. பேரைக் கேட்டதும், இயற்கையா இருக்குறதையே இவங்க ஒழுங்கா பயன்படுத்தலையேன்னு எனக்குத் தோணுச்சு. வாயைத் திறக்கல. மைக்கு போடுறவளுக்கு எதுக்கு அந்த வம்பு.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரி ஓ.பி. வாசல்ல, கழுத்து உசரத்துக்கு ஒரு கம்பு நட்டு, அதுல பலகை மாதிரி ஒரு டேப்லெட் கம்ப்யூட்டரை மாட்டியிருந்தாங்க. நோயாளி அது முன்னாடி நின்னு, உடம்புக்கு என்னன்னு வீட்டுல பேசுற மாதிரியே சொன்னா போதும். அது கேட்டு, சுருக்கி, டாக்டருக்கு எழுதிக் கொடுத்துரும். அவசரம்னா சிவப்பு டோக்கன், இல்லைன்னா பச்சை. பசங்க அதுக்குக் 'குமாஸ்தா'ன்னு பேர் வெச்சாங்க. குமாஸ்தா எழுதினதை எங்க நம்பணும், எங்க நம்பக்கூடாதுன்னு பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்குறதுதான் டாக்டரம்மாவுக்குக் கொடுத்த பாடம்.

முதல் வகுப்பை நான் மறக்கவே மாட்டேன். திரைல ஒரு பக்கம் நோயாளி சொன்னது, இன்னொரு பக்கம் குமாஸ்தா எழுதினது.

ஒருத்தர் சொல்லியிருக்கார்: "வேலை வேலைன்னு மூச்சு விட நேரமில்லைங்க." குமாஸ்தா எழுதியிருக்கு: மூச்சு விடுவதில் சிரமம்.

ஒரு அம்மா: "முட்டி வலில போன வாரம் செத்துப் பொழைச்சேன்." குமாஸ்தா: கடந்த வாரம் உயிர் பிரிந்து மீண்டது.

இன்னொரு அம்மா: "மருமகளைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது." குமாஸ்தா: தீக்காயம். காரணம், மருமகள்.

வகுப்பே உருண்டு சிரிச்சுது. நான் கண்ணாடி அறைல சிரிச்ச சிரிப்புக்கு மைக்கு அணைஞ்சிருந்ததால மானம் பொழைச்சுது. டாக்டரம்மா சிரிப்பு அடங்குற வரைக்கும் காத்திருந்தாங்க.

"சிரிச்சாச்சா? இப்ப சொல்லுங்க. இதுல ஆபத்து என்ன?"

"இல்லாத வியாதிக்கு வைத்தியம் பண்ணிருவோம் மேடம்."

"அப்புறம்?"

"சிவப்பு டோக்கனெல்லாம் இவங்களே வாங்கிட்டா, நிஜமாவே முடியாதவங்க வரிசைல பின்னாடி நிப்பாங்க."

"அதான்"னாங்க டாக்டரம்மா. "அப்ப குமாஸ்தாவுக்கு நம்ம பேச்சைக் கத்துக்கொடுக்கணும். எது வியாதி, எது வெறும் பேச்சுன்னு."

அதுக்குக் கம்பெனிக்காரங்க ஒரு ஏற்பாடு பண்ணியிருந்தாங்க. ஜனங்க பேசுறதைப் பதிவு பண்ணிப் போடணும். பசங்க கேட்டுட்டு ரெண்டு பட்டன்ல ஒண்ணை அமுக்கணும். ஒண்ணு 'நிஜம்', இன்னொண்ணு 'சும்மா'. நிறைய அமுக்க அமுக்க குமாஸ்தா தானா கத்துக்கும்.

'சும்மா'வுக்கு நல்ல உதாரணம் வேணும்னா எங்க போகணும்? டாக்டரம்மா எங்கயும் போகல. வீட்டுக்குத்தான் போனாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே கூத்து. "என் குரலு காலேஜ்ல ஓடப்போகுதா? உசிர் போச்சு போ!"ன்னு தம்பி குதிக்குறார். "இதைப் பதிவு பண்ணிட்டீங்களா அண்ணி?"ன்னு தங்கச்சி கத்துது. மறுநாள்லேருந்து பேக்கரில மாவு பிசையுற மெஷின் பக்கத்துல ஒரு போன் உட்கார்ந்திருந்துச்சு. மெஷின் கடகடன்னு ஓட, ட்ரே இழுபட, அதுக்கு நடுவுல இவர் தன் பாட்டுக்கு, "கை கழண்டு விழுந்துருச்சு... நெஞ்சு வெடிச்சுப் போச்சு... என்னைத் தூக்கிட்டுப் போய் அந்த அடுப்புலயே வெச்சிருங்க, வெந்ததும் எடுங்க..."

பசங்களுக்கு அவரை அப்படிப் பிடிச்சுப்போச்சு. முகம் யாருக்கும் தெரியாது, குரல் எல்லாருக்கும் தெரியும். "சாரோட இன்னைக்கு டயலாக் என்ன மேடம்?"னு கேட்டுக்கிட்டுத்தான் உள்ள வருவாங்க. குரல் வந்ததும் எல்லாரும் சேர்ந்து 'சும்மா' பட்டனைத் தட்டுவாங்க. கொஞ்ச நாள்லயே குமாஸ்தா தேறிடுச்சு. மூச்சு விட நேரமில்லைன்னா 'வேலைப்பளு'ன்னு அழகா எழுதுச்சு.

ஒரே ஒருத்திதான், முன் பெஞ்சுல பெரிய கண்ணாடி போட்ட பொண்ணு, கையைத் தூக்குச்சு.

"மேடம், சார் சொல்றது சும்மாதான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"என்னம்மா கேள்வி? அவர் நல்லாத்தானே இருக்கார்."

"இல்ல மேடம், அது மறுநாள் தெரியுது. சொல்ற அன்னைக்கு எப்படித் தெரியும்?"

டாக்டரம்மா சிரிச்சாங்க. "எனக்கு அவரைத் தெரியும்மா"ன்னாங்க. மணி அடிச்சுது. எல்லாரும் எழுந்தாங்க.

அப்புறம் வெயில் காலம் வந்துச்சு. வெளிய தலை காட்ட முடியாத வெயில். பேக்கரிக்குள்ள அடுப்பு வேற. பள்ளிக்கூடம் ஒண்ணுல விளையாட்டு விழான்னு மலை மாதிரி பன்னுக்குச் சொல்லியிருந்தாங்க. தம்பி விடியுறதுக்கு முன்னாடியே போய் ஒரு அடுப்பு இறக்கிட்டு டீக்கு வந்தார். நான் இந்தப் பக்கம் வேலைக்குக் கிளம்பிக்கிட்டிருந்தேன்.

"நெஞ்சு மேல மாவு மூட்டையைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்குடி. இடது கை என்னுதே இல்ல. உசிர் போகுது."

"சரி சரி. அந்த டீயைக் குடிச்சுட்டுப் போங்க. எனக்கு இன்னைக்குக் கம்பெனிலேருந்து வர்றாங்க, வகுப்பைப் பார்க்க. சீப்பு எங்க வெச்சீங்க?"

"உசிர் போகுதுங்குறேன், சீப்பு கேக்குறா பாரு."

"உசிர் போறதுக்கு முன்னாடி சீப்பை எடுத்துக் கொடுத்துட்டுப் போங்க."

நான் சிரிச்சுக்கிட்டே செருப்பை மாட்டினேன். தினம் நடக்குறதுதானே.

அன்னைக்கு வகுப்பறை நிறைஞ்சு வழிஞ்சுது. கம்பெனி ஆளுங்க முன் வரிசைல. டாக்டரம்மா குமாஸ்தா முதல்ல எப்படி உளறுச்சு, இப்ப எப்படித் தேறியிருக்குன்னு காட்டிக்கிட்டிருந்தாங்க. "இப்ப நம்ம சாரைக் கேப்போம்"னாங்க. நான் ஸ்பீக்கரைத் தூக்கி விட்டேன். தம்பி குரல் நாலு பக்கமும் ஓடுச்சு. "ஐயோ, உசிர் போச்சு, நெஞ்சு வெடிச்சுப் போச்சு..." எல்லாரும் சிரிக்குறாங்க. அப்ப என் மடியில போன் துடிக்குது.

தங்கச்சிதான். "அக்கா... அண்ணியை வரச் சொல்லுங்கக்கா. போனை எடுக்க மாட்டேங்குறாங்க. அண்ணன் ஓ.பி. வாசல்ல விழுந்துட்டாருக்கா."

நான் முதல்ல அந்தக் குரலை நிறுத்தினேன். ஸ்பீக்கர் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. எழுந்து மேடை வரைக்கும் நடந்தேன். டாக்டரம்மா காதுல சொன்னேன். அவங்க ஓடினாங்க. படியில இறங்கும்போது ஒரு செருப்பு கழண்டு விழுந்துச்சு, அதைத் திரும்பிக்கூடப் பார்க்கல.

கீழ நடந்தது எனக்கு அப்புறம்தான் தெரியும். பேக்கரில பத்து மணி போல தங்கச்சி கவனிச்சிருக்கு, அண்ணன் பேச்சே இல்லாம இருக்கார்னு. ட்ரேயை இழுக்குறார், வெக்கிறார், ஒரு 'ஐயோ' கிடையாது. வேர்த்துக் கொட்டுது. அடுப்பு முன்னாடி யாருக்குத்தான் வேர்க்காது? ஆனா பேசலையே. அதுதான் அந்தப் பொண்ணுக்குச் சரியாப் படல. வண்டி பிடிச்சு, மாவுச் சட்டையோடவே கூட்டிட்டு வந்திருக்கு.

ஓ.பி. வாசல்ல குமாஸ்தா முன்னாடி நிக்க வெச்சாங்க. தம்பிக்குத் தெரிஞ்ச பேச்சு ஒண்ணுதானே. "உசிர் போற மாதிரி இருக்கு. நெஞ்சுல மூட்டையை வெச்ச மாதிரி. கை என்னுதே இல்ல. காலைலேருந்து வேலை செஞ்சே செத்தேன்." குமாஸ்தா எழுதுச்சு: களைப்பு, வேலைப்பளு. பச்சை டோக்கன்.

கேட்டு, எழுதி, கொடுத்தது யாரு? நம்ம காலேஜ் படிக்க வெச்ச குமாஸ்தா. கடைசி பெஞ்சுக்காரன் ஒருத்தன் உண்டு, நெட்டையா, எப்பவும் சிரிச்ச முகம். அவனுக்கு அன்னைக்கு வாசல்ல பயிற்சி. குரலைக் கேட்டதும் அவனுக்குக் காது நிமிர்ந்திருக்கு.

"சார்! நீங்களா சார்? நாங்கல்லாம் உங்க ரசிகருங்க சார்! உங்களை வெச்சுத்தான் சார் இதுக்கே பாடம் எடுத்தோம்!"

அந்த மனுஷனுக்கு அந்த நிலைமைலயும் முகம் மலர்ந்திருக்கு. பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கார்.

"சார், சார், ஒரே ஒண்ணு சொல்லுங்க சார். நேர்ல கேக்கணும்."

"உசிர் போச்சுடா தம்பி"ன்னு சொல்லியிருக்கார்.

நெட்டை கைதட்டிச் சிரிச்சிருக்கான். பக்கத்துல நின்ன ரெண்டு மூணு பசங்களும் சிரிச்சிருக்காங்க. சிரிக்கச் சிரிக்கவே அவர் பெஞ்சுலேருந்து சரிஞ்சிருக்கார். அப்பவும் அவன், "சூப்பர் சார்"னானாம். இதைச் சொல்லும்போது அந்தப் பையன் சுவத்துல தலையை முட்டிக்கிட்டான். நான்தான் பிடிச்சு உட்கார வெச்சேன்.

விழுந்த இடம் ஆஸ்பத்திரி, அதனால பொழைச்சார். மாரடைப்பு. ரத்தக்குழாயை உள்ள போய்த் திறந்தாங்க. பெரிய டாக்டர் வெளிய வந்து, "தாண்டிட்டார்"னு சொன்னார். டாக்டரம்மா அப்பத்தான் ஒத்தைச் செருப்போட நிக்குறதைக் கவனிச்சு, அதையும் கழட்டிக் கைல வெச்சுக்கிட்டாங்க.

தங்கச்சி எழுந்து வந்துச்சு. கண்ணு ரெண்டும் வீங்கிப்போயிருந்துச்சு. நேரா டாக்டரம்மா முன்னாடி நின்னு, "டாக்டர், எங்கண்ணனை எப்ப பார்க்கலாம்?"னு கேட்டுச்சு.

அண்ணி போய் டாக்டராகிட்டாங்க. பச்சைப் புள்ளையை அறைஞ்ச மாதிரி ஆகிடுச்சு டாக்டரம்மா முகம். "சாயங்காலம் பார்க்கலாம்"னாங்க.

தம்பி வீட்டுக்கு வந்தார். நான் காதைச் சுவத்துப் பக்கம் வெச்சுக்கிட்டே இருந்தேன். ஒண்ணும் கேக்கல. டம்ளர் வைக்குற சத்தம், கதவு சாத்துற சத்தம், அவ்வளவுதான். டாக்டரம்மா கேப்பாங்க, "வலி இருக்கா?" அவர் சொல்வார், "இல்ல." "தூக்கம்?" "வந்துச்சு." "பசி?" "கொஞ்சம்." குமாஸ்தாவே நேர்ல வந்து பேசின மாதிரி இருக்கும். தங்கச்சி, "டாக்டர், மாத்திரை எத்தனை மணிக்கு?"ன்னு கேட்டுக் கொடுக்கும். அந்த வீட்டுல மூணு பேர் இருந்தாங்க, ஒரு வார்த்தை கூடுதலா இல்ல. எனக்குச் சோறு இறங்கல.

பொறுக்க முடியாம ஒருநாள் போனேன். தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இளைச்சிருந்தார். முழங்கை வரைக்கும் மாவு இல்லாம அந்தக் கையைப் பார்க்கவே வேற யாரோ மாதிரி இருந்துச்சு.

"என்ன தம்பி, வாயை எங்க அடகு வெச்சிட்டீங்க?"

"பேசிப் பார்த்தாச்சேக்கா."

"அதுக்கு?"

"வாழ்நாள் பூரா உசிர் போச்சு, உசிர் போச்சுன்னே செலவு பண்ணிட்டேன்க்கா. நிஜமா போறப்ப கைல ஒரு வார்த்தை மிச்சமில்ல. அதே வார்த்தையைத்தான் சொல்ல வேண்டியிருந்துச்சு. பாவம் அவ. இனிமே அளந்துதான் பேசணும். அவளுக்கும் புரியணும், அந்தக் குமாஸ்தாவுக்கும் புரியணும்."

"அந்தப் பையன் மேல கோபம் இல்லையா?"

"அவன் கேட்டான், நான் சொன்னேன். கேட்டவன் அவன் ஒருத்தன்தானேக்கா?" அவர் சிரிக்கப் பார்த்தார். வரல.

சமையலறைல டாக்டரம்மா நின்னுக்கிட்டிருந்தாங்க. எங்க பேச்சைக் கேட்டிருக்கணும். குழாயைத் திறந்து விட்டுட்டுக் கழுவாம நின்னாங்க.

"அன்னைக்குச் சீப்பு கேட்டேன்க்கா"ன்னாங்க. "இடது கைன்னு சொன்னார். நெஞ்சுல பாரம்னு சொன்னார். இதைப் பரீட்சைல கேட்டா எந்தப் பையனும் மார்க் வாங்கிருவான். நான் சீப்பு கேட்டேன்."

"தினம் சொல்ற ஆளு. யாருக்குத்தான் தோணும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடி நெஞ்சு நின்னுபோச்சுன்னு சொன்னப்ப கையைப் பிடிச்சுப் பார்த்தேன்லக்கா. அப்ப எனக்கு இவரைத் தெரியாது. அதான் பார்த்தேன்."

நான் குழாயை மூடினேன்.

கல்லூரில பெரிய பேச்சாகிடுச்சு. கம்பெனிக்காரங்க ஓடி வந்து, "உங்க வீட்டுக்காரர் பதிவையெல்லாம் அழிச்சிடுறோம். அவர் கொஞ்சம் அதிகமா பேசுற ஆளு, அதனால வந்த கோளாறு"ன்னாங்க. டாக்டரம்மா, "அழிக்காதீங்க, எனக்கு வேணும்"னாங்க. பாடத்தை வேற யாருக்காவது கொடுத்துரலாம்னு மேல சொன்னாங்க. அதுக்கும் மாட்டேன்னுட்டாங்க.

அடுத்த வகுப்புக்கு டாக்டரம்மா என்கிட்ட ரெண்டு பதிவு கொடுத்தாங்க. வகுப்பறைல ஒரு ஈ பறந்தா கேக்கும். நெட்டை கடைசி பெஞ்சுலயும் கடைசியா, தலையைக் கவுத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தான்.

"ரெண்டு குரல் கேப்பீங்க. பட்டனை அமுக்குங்க."

முதல் குரல்: "உசிர் போகுது. நெஞ்சு மேல மூட்டையை வெச்ச மாதிரி இருக்கு." ரெண்டாவது குரல்: "உசிர் போற மாதிரி இருக்கு. நெஞ்சுல மூட்டையை வெச்ச மாதிரி."

ஒருத்தரும் பட்டனைத் தொடல.

"எது பேக்கரில சிரிச்சுக்கிட்டே சொன்னது, எது ஓ.பி. வாசல்ல சொன்னது? அமுக்குங்க."

"தெரியல மேடம்" யாரோ சொன்னாங்க.

"எனக்கும் தெரியல"ன்னாங்க டாக்டரம்மா. "வீட்டுல பல தடவை போட்டுக் கேட்டுட்டேன். தெரியல. முன்னாடி இந்த வகுப்புல ஒரு பொண்ணு, சொல்ற அன்னைக்கு எப்படித் தெரியும்னு கேட்டா. எனக்கு அவரைத் தெரியும்னு சொன்னேன். தப்பான பதில். தெரியாது. கேட்டாத்தான் தெரியும். குமாஸ்தாவுக்கு ரெண்டு பட்டன்தான் இருக்கு. மூணாவதா ஒண்ணு வேணும், 'கேளு'ன்னு. கம்பெனில கேட்டிருக்கேன், பண்றோம்னு சொல்றாங்க. பண்ற வரைக்கும் அந்த மூணாவது பட்டன் நீங்கதான். பண்ணின பிறகும் நீங்கதான்."

அப்புறம் மேடைலேருந்து இறங்கி, நேரா கடைசி பெஞ்சுக்குப் போனாங்க. நெட்டை எழுந்து நின்னான்.

"மேடம், நான் சிரிச்சேன்..."

"சிரிச்சது தப்பில்லடா. அவருக்குப் பிடிக்கும். சிரிச்சு முடிச்சுட்டு, நிஜமாவா சார், சும்மாவா சார்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானும்தான் கேட்டிருக்கலாம்." அவன் தோளைத் தட்டினாங்க. "உட்காரு. பாடத்தைக் கவனி."

நான் கண்ணாடி அறைல முந்தானையால மூக்கைத் துடைச்சேன். மைக்கு அணைஞ்சிருக்கான்னு பார்த்துக்கிட்டேன்.

அதுக்குப் பிறகு மழை பிடிச்சுது. தம்பியைப் பேக்கரிக்குப் போகலாம்னு விட்டாங்க, ஆனா மூட்டை தூக்கக்கூடாது, அடுப்பு முன்னாடி நிக்கக்கூடாது. உட்கார்ந்து பன்னுல எள்ளு தூவலாம். தூவினார். பேசாமத்தான் தூவினார். தெருவுல பிள்ளைங்ககூட இப்ப, "பேக்கரில நாலு பன்"னுதான் சொல்லுதுங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. தீக்காயம்னு எழுதிக்கலாம்.

ஒரு ஞாயித்துக்கிழமை காலை. வெளிய சாரல். நான் அலமாரியைத் துடைச்சுக்கிட்டிருந்தேன். அந்தப் பக்கம் தம்பி, தங்கச்சி சுட்டுக் கொடுத்த ரொட்டியை அவசரப்பட்டு வாயில போட்டிருப்பார் போல.

"ஆஆ! உசிர் போச்சுடி!"

என் கைல டம்ளர் அப்படியே நின்னுச்சு. அந்தப் பக்கம் குளியலறைக் கதவு படார்னு திறந்துச்சு. நான் கூச்சமில்லாம அவங்க வாசல் வழியா எட்டிப் பார்த்தேன். டாக்டரம்மா தலைல சோப்பு நுரையோட, ஈரத்துணியைச் சுத்திக்கிட்டு, கைல ஸ்டெதாஸ்கோப்போட ஓடி வந்து அவர் முன்னாடி மண்டி போட்டாங்க.

"நிஜமாவா, சும்மாவா?"

தம்பி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். உள்ள ரொட்டி. முழுங்கினார்.

"இரு, யோசிச்சுச் சொல்றேன்."

"விளையாடாதீங்க. நிஜமாவா, சும்மாவா?"

"சும்மாதாண்டி. நாக்கு சுட்டுருச்சு."

டாக்டரம்மா நம்பல. சட்டையை விலக்கி ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சுல வெச்சாங்க. நுரை அவர் மடியில சொட்டுது.

"இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?"ன்னார் தம்பி.

"பேசாதீங்க. பேசினா கேக்காது."

"பேசாம இருந்தப்ப மட்டும் கேட்டுச்சா?"

டாக்டரம்மா காதுல மாட்டினதைக் கழட்டல. தலையை அவர் நெஞ்சோட வெச்சுட்டு, ஸ்டெதாஸ்கோப்பு, நுரை, ஈரம் எல்லாத்தோடயும் ஓன்னு அழுதாங்க. அளவெல்லாம் போச்சு. நான் அவங்க அழுது அன்னைக்குத்தான் கேட்டேன். தம்பி அந்த நுரைத் தலையைத் தடவிக்கிட்டே, "ஓடுதா?"ன்னார்.

"ஓடுது"ன்னாங்க. "கொஞ்சம் வேகமாவே ஓடுது."

"பின்ன, இப்படி ஓடி வந்தா எனக்கு நெஞ்சு நின்னுபோகாதா?"

சமையலறைக் கதவுல தங்கச்சி நின்னுக்கிட்டிருந்துச்சு. கைல மூணு டீ. எவ்வளவு நேரமா நின்னுச்சோ, முகமெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. மூக்கை உறிஞ்சிட்டு, எப்பவும் போல கத்துச்சு.

"அண்ணி! மிச்சத்தை அப்புறம் கேளுங்க. டீ ஆறுது."